களத்தில் கேட்கக் கூடாத கேள்வி

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து நிவேதா என்றொரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். தெற்கே காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும் ஊர்களில் விவசாயிகளிடம் கருத்துக் கேட்டு முடித்திருக்கிறார்களாம். மண்ணுக்கோ, தண்ணீருக்கோ, ஆடுமாடுகளுக்கோ காற்றாலையால் கெடுதல் உண்டா என்று கேட்டால், கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு பிரச்சினையும் இல்லை என்றுதான் சொன்னார்களாம். "நல்ல விஷயம்தானே மேடம்?" என்றாள்.

"எங்கே வைத்துக் கேட்டீர்கள்?" என்றேன்.

"புரியலையே மேடம்" என்றாள். பாவம், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கே அது புரிந்த கதை பெரிய கதை. போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும் என்று தோன்றியது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் எரிசக்தி ஆய்வு அலுவலகம் ஒன்றில் கள ஆய்வாளராகச் சேர்ந்தவள். பெயர்தான் பெரிது. வேலை என்னவோ வெயிலில் நடந்து வீடு வீடாகக் கதவைத் தட்டுவது. முதல் சில ஆண்டுகள் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் எந்த வீட்டில் கெரசின் ஸ்டவ், எந்த வீட்டில் காஸ் என்று கேட்டுத் திரிந்தேன். சோப்பு விற்க வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்தியவர்கள் பலர். நாயை அவிழ்த்து விட்டவர்களும் உண்டு. எனக்கு நடக்கவும் பிடிக்காது, நாயும் பிடிக்காது. வேலையை விட்டுவிடலாம் என்று இரும்புலியூர் வீட்டில் தினமும் புலம்பிக் கொண்டிருந்த காலத்தில்தான் ரெஜினா மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவியாக வந்தார்.

மேடத்தைப் பார்த்தால் அதிகாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. அந்த நாளில் புடவைக்கு ஷூ போட்ட பெண்ணைத் தாம்பரம் ஸ்டேஷனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒருவரையும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருவரிடம் பேசப் போனால் முதல் அரை மணி நேரம் கேள்வியே வராது. அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கேயே தானும் உட்காருவார். வரப்பானால் வரப்பு, மாட்டுக் கொட்டகையானால் மாட்டுக் கொட்டகை. நாற்காலி கொண்டுவந்து போட்டால் அதில் தன் பையை வைத்துவிடுவார்.

பேனாவுக்கு ஒரு முறை வைத்திருந்தார். பதில் வந்தவுடன் எழுதக் கூடாது. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். "ஆமா, அதான்" என்று அவர்கள் வாயால் வந்த பிறகுதான் மூடியைத் திறக்கலாம். சண்டை வந்தாலோ அழுகை வந்தாலோ உடனே மூடிவிட வேண்டும். மேடத்தின் பேனா மூடி திறந்திருக்கிறது என்றால் அங்கே நிஜமான பதில் ஒன்று வந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். முதலில் எனக்கு இது வீண் சடங்காகப் பட்டது. ஒரு நாளில் இருபது பேரைப் பார்த்து முடிக்கிறவள் நான். மேடம் ஐந்து பேரைத் தாண்ட மாட்டார். ஆனால் அவர் கொண்டுவந்த ஐந்தைப் படித்தால் அந்த ஊரே கண் முன்னால் வரும். என்னுடைய இருபதும் ஒரே ஆள் சொன்ன மாதிரி இருக்கும்.

கேளம்பாக்கத்துக்குத் தெற்கே, உப்பங்கழியை ஒட்டிய ஒரு கிராமத்தில் சோதனைக்காக நான்கு காற்றாலைகள் நிறுத்தியிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது காத்தாடி. அவை நன்றாகச் சுற்றின. அதனால் மேலும் ஒரு வரிசை வைக்கலாம் என்று திட்டம். அதற்கு முன்னால், பக்கத்து நிலத்துக்காரர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எங்களைக் கேட்டு வரச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் இப்படிக் கேட்பதே அதிசயம்.

ஆலைகளைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் சபேசன் எங்களோடு வந்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். "மேகத்தை ரெக்கை வெரட்டுதாம், கோழி முட்டையிட மாட்டேங்குதாம். என்னென்ன சொல்லப் போறாங்கன்னு பாருங்க மேடம். பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆகாததுக்கும் என் ஆலைதான் காரணம்னு ஒருத்தர் சொன்னாலும் சொல்வார்" என்று பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்துவிட்டார். அந்த நான்கு ஆலைகளையும் பெற்ற பிள்ளைகள் மாதிரி வைத்திருந்தார். அவற்றை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

எங்கள் கேள்விகளில் சுற்றுச்சூழல் என்ற சொல் இருந்தது. மேடம் அதை அடித்துவிட்டார். "இந்த வார்த்தையைச் சொன்னா துண்டை இடுப்பில கட்டிக்கிட்டு எழுந்து நின்னுடுவாங்க சாரதா. தண்ணி எப்படி, காத்து எப்படி, மாடு எப்படி, கொக்கு வருதா, தூக்கம் வருதா, இப்படிக் கேளு" என்றார்.

அது தை மாதம், சம்பா அறுவடை. யார் வீட்டுக்குப் போனாலும் பூட்டு. ஊரே களத்தில் இருந்தது. அந்த ஊருக்கு ஒரே களம்தான். சுற்றிலும் தாழ்வான நிலம், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அந்த ஒரு இடம்தான் மேடு. கழிப்பக்கமிருந்து பிற்பகலில் காற்று வரும். அதில்தான் எல்லார் நெல்லையும் தூற்ற வேண்டும். எல்லாரும் ஓரிடத்தில் கிடைக்கிறார்கள், அங்கேயே கேட்டுவிடுவோம் என்று மேடம்தான் முடிவு செய்தார். எனக்கும் சந்தோஷம். நடை மிச்சம்.

எவ்வளவு சுலபமாக முடிந்தது தெரியுமா. வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டோம். நிலத்துக்காரர் வேதாசலம், அந்த ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர், தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காத்தாடியா? எல்லாம் நெறைவா கீது" என்றார். முறத்தோடு நின்று தூற்றிக்கொண்டிருந்த கன்னியம்மா என்ற பெண்ணும் அதையே சொன்னாள். அடுத்தவரும் அதையே சொன்னார். தண்ணீர் நிறைவு, காற்று நிறைவு, மாடு நிறைவு. முகத்தில் சிரிப்பு வேறு. திரும்பும்போது புது நெல் ஒரு படி அளந்து என் பையில் போட்டார்கள். சபேசன் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீங்களா மேடம், நம்ம ஜனங்க எவ்வளவு முன்னேறிட்டாங்க" என்றார்.

மேடம் மட்டும் பஸ்ஸில் மூடிய பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தார். "ஏதாவது சரியில்லையா மேடம்?" என்று கேட்டேன். "என் பேனா மூடிய திறக்கவே தோணலை சாரதா. ஏன்னு தெரியலை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பதில் கிடைத்தும் சிலருக்குத் தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டேன். அறிக்கை டைப் அடிக்கப் போனது.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, ஸ்டேஷனிலிருந்து அலுவலகத்துக்குத் தாம்பரம் மார்க்கெட் வழியாக நானும் மேடமும் நடந்து போய்க்கொண்டிருந்தோம். "இன்னா டீச்சரம்மா, பாத்தும் பாக்காத மாரி போறே" என்று ஒரு குரல். கன்னியம்மா. மேடத்தை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முருங்கைக்கீரைக் கட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் கேன்வாஸ் ஷூவோடு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அறுவடை எல்லாம் முடிந்ததா என்று விசாரித்தார்.

"எங்க முடியறது? தூத்தி முடிச்சாதானே. போன வருசம் ஒரு மத்தியானத்துல முடியற அம்பாரம், இந்த வருசம் மூணு நாளா இழுத்துகினு கீது. காத்து கிழிஞ்சி கிழிஞ்சி வருதும்மா. பதரு அந்தாண்ட போற மாரி போய்ட்டு, திரும்பி நெல்லு மேலயே வந்து உக்காந்துக்குது. பேஜாரு. அந்தக் காத்தாடி வந்ததுலேர்ந்துதான்."

மேடம் அப்படியே அவளைப் பார்த்தார். "கன்னியம்மா, களத்துல நான் கேட்டேனே. காத்து நிறைவா இருக்குன்னு நீதானே சொன்னே?"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். இப்படியும் விவரம் கெட்டவர்கள் உண்டா என்கிற பார்வை. "களத்துல நெல்லு கொட்டிக் கெடக்குது. அங்க நின்னுகினு கொறை, இல்ல, போதும்னு எவனாவது வாயால சொல்வானா? நெறைவுன்னுதான் சொல்வோம். வெள்ளம் வந்து பாதி போனாலும் நெறைவுதான். எங்க ஆயி காலத்துலேர்ந்து அப்டிதான். நீ அங்க வந்து கேட்டுட்டியே, நான் இன்னா பண்ணட்டும்?"

கீரைக்காரிகள் இரண்டு பேர் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அன்று பதினொரு மணிக்கெல்லாம் மேடம் இயக்குநர் அறையில் இருந்தார். கதவு திறந்தே இருந்தது, வெளியே என் மேஜைக்கு எல்லாம் கேட்டது. அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். இயக்குநர் கோபக்காரர் இல்லை, ஆனால் மேலிடத்துக்குத் தேதி சொல்லியிருந்தார். "அத்தனை பேரும் திருப்தின்னு சொல்லியிருக்காங்க. இதைவிட என்ன பதில் வேணும் உங்களுக்கு?" என்றார்.

"அது பதில் இல்ல சார், மரியாதை. நெல்லுக்கு அவங்க காட்டின மரியாதைய நாம ஆலைக்குக் குடுத்த சான்றிதழ்னு எழுதிட்டோம். கேக்கறதுக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். இந்த அறிக்கை போனா புது வரிசை நேரா அந்தக் களத்துக்கு எதிர்ல வரும். அந்த ஊருக்கு வேற மேடு கிடையாது. அப்புறம் அவங்க எங்க போய்த் தூத்துவாங்க?"

"சபேசன் சிரிப்பார் மேடம்."

"சிரிக்கட்டும் சார்."

அந்த இரண்டு சொல்லுக்காக நான் அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன். தான் செய்து முடித்த வேலையை, எல்லாருக்கும் பிடித்திருக்கிற வேலையை, தானே தப்பு என்று தூக்கிப்போட எத்தனை பேருக்கு மனசு வரும்? என் முப்பது வருஷ வேலையில் வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை.

மறுபடியும் போனோம். இந்த முறை களத்துப் பக்கமே தலை வைக்கவில்லை. டீக்கடையில், வரப்பில், பஸ் ஸ்டாப்பில், மாடு குளிப்பாட்டும் குட்டையில் என்று ஆளுக்கு ஆள் தேடிப் போய்க் கேட்டோம். என் கால் கெஞ்சியது. ஆனால் என்ன பேச்சு, என்ன பேச்சு. வேதாசலத்தை அவருடைய பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் பிடித்தோம். காத்தாடி மேகத்தை வெரட்டி அடிக்கிறது என்று கழுத்தைச் சாய்த்து வானத்தைக் காட்டினார். அவர் தம்பி, "அண்ணன் சொல்றதெல்லாம் சும்மா. மழை மாமல்லபுரத்துக்கும்தான் வரலை, அங்க இன்னா காத்தாடியா கீது?" என்றார். ஒருவருக்குச் சத்தத்தில் மாடு மிரண்டது, பிறகு பழகிவிட்டது. கொக்கு முன்பு ஆலைப்பக்கத்து வயலில் இறங்கும், இப்போது அந்தப் பக்கம் இறங்குவதில்லை என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். ஒரு பெரியவருக்கு ஆலைகளைப் பார்ப்பதே பிடித்திருந்தது. தன் ஊரைத் தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்ல இப்போது கஷ்டமில்லை என்றார்.

மேகத்தை வேதாசலம் சொன்னபோது நான் எழுதத் தயங்கினேன். "இது உண்மை இல்லையே மேடம்" என்றேன். "மேகம் போகுதான்னா நம்மளைக் கேட்டாங்க? இவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டாங்க. அவர் நினைக்கிறார். எழுது" என்றார்.

எல்லாரும் பலவிதமாகச் சொன்னாலும், முறம் பிடிக்கிறவர்கள் அத்தனை பேரும் ஒன்றைச் சொன்னார்கள். பிற்பகல் காற்று கிழிந்து வருகிறது. சபேசன் ஒப்புக்கொள்ளவே இல்லை. "பனைமரத்துக்கு மேல சுத்தற ரெக்கை, கீழ நிக்கிறவங்க முறத்தை எப்படித் தொடும்? எங்க காத்து மானி எல்லாம் சரியாத்தான் காட்டுது" என்றார்.

"மானி எங்க இருக்கு?" என்றார் மேடம்.

"கம்பத்து உச்சியில."

"கன்னியம்மா உச்சியிலயா நிக்கிறா?"

மறுநாள் சபேசனே இரண்டு காற்றுமானிகளைக் கொண்டுவந்தார். கிண்ணங்கள் சுற்றுகிற சிறிய கருவி. தூற்றுகிறவர்களின் தலை உயரத்துக்குக் கம்பு நட்டு அவற்றைக் கட்டினார். களத்தில் இன்னும் இரண்டு அம்பாரம் நெல் தூற்றாமல் மீதி இருந்தது. ஆலைகள் சுற்றிக்கொண்டிருக்கும்போது கன்னியம்மா முக்காலி மேல் ஏறி நின்று முறத்தைச் சாய்த்தாள். பதர் பறந்தது. பத்தடி போனதும் என்ன நினைத்துக்கொண்டதோ, சுழன்று திரும்பி நெல் குவியலிலேயே விழுந்தது. எங்கள் எல்லார் தலையிலும் தூசி. கிண்ணங்கள் ஒரு நேரம் பேய் பிடித்த மாதிரி ஓடின, ஒரு நேரம் நின்றே போயின.

பிறகு சபேசன் ஆளை அனுப்பி ஆலைகளை நிறுத்தச் சொன்னார். இறக்கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கன்னியம்மா மறுபடி முறத்தைச் சாய்த்தாள். நெல் காலடியில் நேராக இறங்கியது. பதர் முந்தானை விரித்த மாதிரி ஒரே பக்கமாகப் போய்ப் படிந்தது. கிண்ணங்கள் சீராகச் சுற்றின. காற்றின் வேகம் பெரிதாகக் கூடவில்லை. ரெக்கை காற்றைத் தின்றுவிடுகிறது என்று ஊரில் சிலர் நினைத்திருந்தார்கள், அது சரியில்லை. கீழே ஒன்றும் ஆகாது என்று சபேசன் நினைத்திருந்தார், அதுவும் சரியில்லை. ஆலையைத் தாண்டி வருகிற காற்று குறையவில்லை, கலங்கிவிடுகிறது. அந்தக் களம் சரியாக அதன் பின்னால் இருந்தது.

சபேசன் தலையில் ஒட்டிய பதரைத் தட்டிவிட்டுக்கொண்டே கருவியையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். தன் பிள்ளை பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்ததை நேரில் பார்த்த தகப்பன் முகம் அது. "எழுதிக்கோங்க மேடம்" என்றார். "என் பேரையும் போடுங்க. நான் பாத்தேன்னு." அதுவரை அவரைப் பற்றி நான் மனதுக்குள் திட்டியதையெல்லாம் அந்த நிமிஷமே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அறிக்கை தாமதமாகத்தான் போனது. இயக்குநர் அதற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வரிகளில் ஒன்றைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். புது வரிசையைக் களத்துக்கு எதிரே வைக்காமல் தெற்கே உப்பளத்துப் பக்கம் தள்ளி வைப்பது என்று முடிவானது. இருக்கிற நான்கையும் அறுவடைக் காலத்தில் தூற்றும் நேரத்துக்கு நிறுத்துவது. எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? அதற்குக் கன்னியம்மாவே வழி சொன்னாள். களத்து ஓரத்தில் மூங்கில் நட்டு ஒரு பழைய சிவப்புப் புடவையை ஏற்றுவோம், அதைப் பார்த்தால் நிறுத்து, இறக்கினால் ஓட்டிக்கோ. சபேசன் அதை ஆலைகளை ஓட்டும் ஆட்களுக்கு முறையான உத்தரவாகவே எழுதிக் கொடுத்தார். சிவப்புப் புடவை தெரிந்தால் நிறுத்தவும். அப்படி ஓர் அலுவலக உத்தரவை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அடுத்த தையில் மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். வேலையாக இல்லை, சும்மாதான். கேளம்பாக்கத்தில் இறங்கி நடக்கும்போதே தூரத்தில் சிவப்புப் புடவை தெரிந்தது. நான்கு ஆலைகளும் அசையாமல் நின்றன. களத்தில் நெல்லைப் பொலியாகக் குவித்துத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓரமாக உட்கார்ந்தோம். மேடம் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார், மாட்டை விசாரித்தார், கீரை வியாபாரத்தை விசாரித்தார். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் வாய் துறுதுறுத்தது.

கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா டீச்சரம்மா, இம்மாந் தொலைவு வந்துட்டு ஒண்ணியும் கேக்காம குந்திகினு கீறே?"

"இங்க கேக்க மாட்டேன்" என்றார் மேடம்.

கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முக்காலியிலிருந்து இறங்கினாள். முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு களத்தைக் கடந்து, வாய்க்கால் பலகையைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறி நின்றாள். தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேதாசலமும் பார்த்தார். மேடம் எழுந்து அவள் பின்னாலேயே போனார். நானும் போனேன்.

"இப்ப கேளு" என்றாள் கன்னியம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"காத்து எப்படி இருக்கு கன்னியம்மா?"

அவள் திரும்பிக் களத்தைப் பார்த்தாள். புடவை கிழக்கிலிருந்து மேற்காக ஒரே சீராகப் படபடத்துக்கொண்டிருந்தது.

"ஒரு கொறையும் இல்லம்மா" என்றாள்.

களத்தில் வாயால் சொல்லக் கூடாத கொறை, இல்ல இரண்டையும் ரோட்டில் நின்று சொல்லிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் அதை அப்படியே அவளிடம் திருப்பிச் சொன்னார்: "ஒரு கொறையும் இல்ல."

"ஆமா, அதான்" என்றாள் கன்னியம்மா.

மேடம் தன் பேனா மூடியைத் திறந்தார்.